மூன்றாவது குஞ்சு எங்கே போயிற்று?

மலர்க் குழுவிலிருந்து சீனியர் ஒருவர் போன் செய்தார். "ஹாஸ்டல் மெஸ், கல்ச்சுரல்ஸ், பஸ் டே இதெல்லாம் வேண்டாம்டா தம்பி. ஏற்கெனவே பதினெட்டு கட்டுரை அதுலயே வந்து கிடக்கு. உன் லைன்ல இருந்து ஏதாவது எழுதிக் குடு" என்றார். என் லைன் என்பது பிளாஸ்டிக் ஃபிலிமில் அச்சடிப்பது. ஓசூர் பக்கம் ஒரு யூனிட். பிஸ்கட் உறை, மசாலா பாக்கெட், ஷாம்பு சாஷே, எல்லாம் எங்கள் உருளைகளுக்கு அடியில்தான் பிறக்கின்றன. இதில் எழுத என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, விஷயத்தை எடுத்துக் கொடுத்தவள் மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள்.

பொங்கல் லீவுக்கு நாகப்பட்டினத்தில் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தோம். என் தாத்தா ஒரு காலத்தில் பினாங்கில் கடைக்குக் கணக்கு எழுதியவர். ரஜூலா கப்பலில் வந்து போனவர். அவர் கொண்டுவந்த பால் பவுடர் டப்பா ஒன்று இன்னும் பாட்டியிடம் இருக்கிறது. மூடி சரியாக மூடாது. உள்ளே பட்டன், ஊசி, ஊக்கு, செல்லாத காசு. பாதி துரு. ஆனால் படம் தெரிகிறது: ஒரு கிளை, அதில் கூடு, கூட்டின் விளிம்பில் தாய்ப் பறவை, அதன் அலகில் ஒரு புழு, கீழே வாயைத் திறந்துகொண்டு மூன்று குஞ்சுகள். கீழே நெஸ்லே என்று எழுத்து.

அன்று மாலை பாயசத்துக்காக மில்க்மெய்டு டப்பா வாங்கி வந்திருந்தார்கள். மகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, இதுல ரெண்டு குஞ்சுதானே இருக்கு? மூணாவது எங்க போச்சு?"

எனக்குத் தெரியவில்லை. பதினைந்து வருஷமாக லோகோக்களை கிலோமீட்டர் கணக்கில் அச்சடித்திருக்கிறேன், ஒன்றைக்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஊருக்குத் திரும்பியதும் தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்ததுதான் இது.

கூட்டைப் போட்டவர் ஹென்ரி நெஸ்லே. ஹைன்ரிஷ் நெஸ்லே என்ற பெயரில் 1814-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தவர். வீட்டில் மொத்தம் 14 குழந்தைகள், இவர் பதினோராவது. உடன்பிறந்தவர்களில் பலர் பெரியவர்கள் ஆகும் முன்னே போய்விட்டார்கள். அந்தக் காலத்து ஐரோப்பாவில் அது அதிசயமில்லை. மருந்துக் கடையில் தொழில் கற்றுக்கொண்டு சுவிட்சர்லாந்துக்குப் போனார். ஏரிக்கரையில் உள்ள வெவே என்ற ஊரில் கடை போட்டார். அவர் செய்து பார்த்த தொழில்களின் பட்டியலைப் படித்தால் நம்மவர்களுக்குப் பிடித்துப் போகும்: எண்ணெய், கடுகு, மதுபானம், சோடா மாதிரி மினரல் வாட்டர், உரம், சிமென்ட், விளக்கெரிக்க வாயு. எதிலும் பெரிதாகக் கொடி நாட்டவில்லை. ஐம்பது வயது தாண்டியாயிற்று.

1867-இல் பால், கோதுமை மாவு, சர்க்கரை மூன்றையும் சேர்த்து, குழந்தைக்குச் செரிக்காத பகுதிகளைக் குறைத்து, ஒரு பால் மாவு தயாரித்தார். அந்த வருஷம் குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தை, தாய்ப்பாலும் ஏற்காமல், கொடுத்த எதையும் ஏற்காமல் கிடந்தது. பிறந்து 15 நாள்தான். நெஸ்லேயின் மாவைக் கரைத்துக் கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டது. செய்தி பரவியது. அடுத்த சில வருஷங்களில் பல நாடுகளுக்கு டப்பாக்கள் போக ஆரம்பித்தன.

டப்பாவுக்கு ஒரு முத்திரை வேண்டும். அவர் வேறெங்கும் தேடவில்லை. நெஸ்லே என்ற சொல்லுக்கு அவர்கள் பக்கத்து ஜெர்மன் பேச்சுவழக்கில் சின்னக் கூடு என்றே பொருள். குடும்பச் சின்னத்திலும் கூட்டில் உட்கார்ந்த ஒரு பறவை இருந்தது. 1868-இல் அதை எடுத்து, தாய் மூன்று குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதாக மாற்றினார். பெயரே படம், படமே சரக்கு. இன்றைக்கு டிசைன் ஏஜென்சிகள் லட்சக்கணக்கில் பில் போட்டுச் செய்யும் வேலையை அந்த மனிதர் தன் வீட்டுப் பட்டயத்தை வைத்தே முடித்துவிட்டார்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அவருடைய ஏஜென்டுகளில் ஒருவர், கூட்டுக்குப் பதிலாக சுவிஸ் கொடியின் வெள்ளைச் சிலுவையைப் போடலாமே, விற்பனைக்கு எடுப்பாக இருக்குமே என்று யோசனை சொன்னார். நெஸ்லே சம்மதிக்கவில்லை. சிலுவையை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், என் குடும்பச் சின்னத்தை வேறு எவனும் போட முடியாது என்கிற அர்த்தத்தில் பதில் எழுதினார். நாட்டுக்கு நாடு வேறு வேறு முத்திரை என்பதற்கும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. டிரேட் மார்க் என்பதன் முழுச் சட்டமும் இந்த ஒரு கடிதத்தில் அடக்கம்.

அவருக்குச் சொந்தக் குழந்தைகள் கிடையாது. 1875-இல், 60 வயது தாண்டியபின், தொழிலைப் பத்து லட்சம் பிராங்குக்கு விற்றுவிட்டார். தொழிற்சாலையோடு பெயரும் போயிற்று, கூடும் போயிற்று. அதன் பிறகு 1890-இல் இறக்கும்வரை, தன் பெயரும் தன் குடும்பச் சின்னமும் வேறு யாருடைய லாபத்துக்கோ ஊர் ஊராகப் பறப்பதைப் பார்த்துக்கொண்டு ஓய்வில் இருந்தார்.

இனி அந்த இன்னொரு டப்பா, மில்க்மெய்டு. தலையில் பால் பாத்திரம் சுமந்த பெண் வேறு கம்பெனிக்காரி. அமெரிக்கச் சகோதரர்கள் சார்லஸ் பேஜ், ஜார்ஜ் பேஜ் இருவரும் 1866-இல் சுவிட்சர்லாந்தின் சாம் என்ற ஊரில் ஆங்கிலோ சுவிஸ் கண்டென்ஸ்டு மில்க் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1870-களின் பின்பாதியில் அவர்கள் குழந்தை உணவில் கை வைக்க, நெஸ்லேயை வாங்கியவர்கள் பதிலுக்குக் கண்டென்ஸ்டு மில்க்கில் இறங்கினார்கள். கால் நூற்றாண்டுக்கும் மேல் அடிதடி. கடைசியில் 1905-இல் இரண்டும் ஒன்றாயின. அதனால்தான் இன்றைக்கும் ஒரே டப்பாவில் பறவையும் பால்காரியும் சேர்ந்து இருக்கிறார்கள். பழைய பகையாளிகள், சம்பந்திகள் ஆனவர்கள். மலாய்க்காரர்கள் அந்தப் பெண்ணைப் பார்த்து 'சாப் ஜுன்ஜுங்' என்று பெயர் வைத்தார்கள், தலைச்சுமை மார்க் என்று பொருள். எழுத்துப் படிக்காதவர்களுக்கு டப்பா என்றால் படம்தான். நம் ஊர்க் கடைகளில் மார்க் பெயரைச் சொல்லிச் சாமான் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் வரலாறு வேகமாக ஓடுகிறது. 1912-இல் இந்தியாவுக்குச் சரக்கு வர ஆரம்பித்தது. 1929-இல் சாக்லேட் கம்பெனிகள் சேர்ந்தன. 1938-இல் நெஸ்கபே வந்தது. அதே வருஷம்தான் கூட்டையும் நெஸ்லே என்ற எழுத்தையும் ஒன்றாக இணைத்து வரைந்தார்கள். 1947-இல் மேகி. 1961-இல் பஞ்சாபின் மோகா நகரில் முதல் இந்தியத் தொழிற்சாலை. 1967-இல் நம் நீலகிரியில் சோலாடியில் தேயிலைக்காக ஒன்று. குழந்தை மாவுக்கு என்று வரைந்த கூட்டில் காபி, சாக்லேட், சூப், நூடுல்ஸ் எல்லாம் குடிவந்துவிட்டன. 1977-இல் கண் மருந்துக் கம்பெனி ஒன்றையும் வாங்கினார்கள். 1966-இல் படத்தைக் கொஞ்சம் எளிமைப்படுத்தினார்கள்.

ஏன் எளிமை? இங்கே கொஞ்சம் என் தொழிலைப் பேச இடம் கொடுங்கள்.

1868-இன் கூடு செதுக்கு வேலை. ஒவ்வொரு சுள்ளியும், ஒவ்வொரு இறகும், இலையின் நரம்பும் தனித்தனிக் கோடு. கல் அச்சில் எடுத்து, காகித லேபிளாக டப்பாவில் ஒட்டும் காலம் அது. தாளில் அது அழகாக வரும். 1875-இல் தகரத்திலேயே நேராக அச்சடிக்கும் முறை இங்கிலாந்தில் வந்தது. தகரம் மை குடிக்காது. நெருக்கமான கோடுகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். பிறகு எங்கள் கிராவியூர். ஒரு நிறத்துக்கு ஒரு செம்பு உருளை, அதில் கண்ணுக்குத் தெரியாத குழிகள், குழியில் மை. ஃபிலிம் நிமிஷத்துக்கு 200 மீட்டர், 300 மீட்டர் என்று ஓடும். உருளைக்கு உருளை 0.2 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், பறவைக்கு இரண்டு அலகு முளைத்துவிடும். ஐந்து ரூபாய் பாக்கெட்டின் மூலையில் கூடு ஒரு மொச்சைக் கொட்டை அளவுதான். அதில் சுள்ளியை எங்கே காட்டுவது? டிராயிங் ஹாலில் நம் சார் சொல்வாரே, "தேவையில்லாத கோடு ஒவ்வொண்ணும் ஒரு பொய்" என்று. அவர் கிழித்துப் போட்ட என் ஷீட்டுகள் ஞாபகம் வருகின்றன. ஒரு லோகோ வயதாக ஆக இளைத்துக்கொண்டே போவதற்குப் பாதிக் காரணம் ரசனையே இல்லை. மையும் மெஷினும்தான். 2015-இல் கூட்டை மறுபடி இளைக்க வைத்ததற்குக் காரணம் கைபேசித் திரை. அங்கே மொச்சைக் கொட்டையும் கிடையாது, கடுகுதான்.

ஆனால் மீதிப் பாதி?

தாய் ஊட்டுகிறாள், குஞ்சு வாய் திறக்கிறது. இந்தப் படம் ஒரு வாக்குறுதி. 1867-இல், தாய்ப்பாலே ஏற்காத ஒரு குழந்தைக்கு அது உண்மையான வாக்குறுதியாக இருந்தது. அதே டப்பா, தாய்ப்பால் தாராளமாக இருக்கும் வீட்டுக்குள், சுத்தமான தண்ணீர் இல்லாத வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும்?

இதை முதலில் உரக்கக் கேட்டவர்களில் ஒருவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் பிறந்தவர். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது, நர்ஸ் மாதிரி உடை உடுத்திய விற்பனைப் பெண்கள் புதிதாய்ப் பிள்ளை பெற்றவர்களிடம் டப்பாப் பால் சிபாரிசு செய்வதைக் கண்டார். சத்துக் குறைந்த கண்டென்ஸ்டு மில்க்கைக் குடித்த குழந்தைகள் வாடுவதையும் கண்டார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பிலேயே பேசினார். அந்தச் சங்கத்துக்கு அப்போது தலைவராக இருந்தவரே ஒரு பால் கம்பெனிக்காரர் என்று சொல்வார்கள். அது எப்படியோ, பேச்சு நடந்தது நிஜம். பினாங்கில் என் தாத்தா கணக்கு எழுதிக்கொண்டிருந்ததும் அதே மலாயாவில்தான்.

விஷயம் என்னவென்றால், தாய்ப்பால் என்பது நம் பாஷையில் டிமாண்டைப் பார்த்து உற்பத்தியாகும் சரக்கு. குழந்தை குடிக்கக் குடிக்கச் சுரக்கும். பத்து நாள் புட்டிக்கு மாறினால் சுரப்பு குறைந்துவிடும். அதன் பிறகு டப்பாவை விட முடியாது. டப்பாவோ விலை. ஒரு டப்பாவை ஒரு மாதம் ஓட்ட மாவைக் குறைத்துத் தண்ணீரை அதிகமாக்குவார்கள். தண்ணீர் கிணற்றிலிருந்தோ ஆற்றிலிருந்தோ. புட்டியைக் கொதிக்க வைக்க விறகு வேண்டும். லேபிளில் போட்டிருக்கும் அளவைப் படிக்க எழுத்து தெரிய வேண்டும். இத்தனை கண்ணியில் ஒன்று அறுந்தாலும் வயிற்றுப்போக்குதான்.

1974-இல் லண்டனில் 'வார் ஆன் வான்ட்' என்ற அமைப்பு, மைக் முல்லர் எழுதிய ஒரு சிறு வெளியீட்டைக் கொண்டுவந்தது. ஏழை நாடுகளில் குழந்தைப் பால் மாவை விற்கும் விதம் பற்றி, பல கம்பெனிகளைச் சேர்த்துத்தான். அதை சுவிஸ் இளைஞர் குழு ஒன்று ஜெர்மனில் மொழிபெயர்த்தபோது தலைப்பில் நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது என்று போட்டுவிட்டது. கம்பெனி வழக்குப் போட்டது. 1976-இல் தீர்ப்பு. தலைப்பு அவதூறுதான் என்று 13 பேருக்கு ஆளுக்கு 300 பிராங்க் அபராதம். கூடவே, கம்பெனி தன் விளம்பர முறைகளை அடியோடு மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் நீதிபதி சொன்னார். வழக்கில் ஜெயித்தது கம்பெனி, தலைப்பில் வந்தது எதிர்த்தரப்பு. 1977-இல் அமெரிக்காவில் நெஸ்லே சரக்குகளைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. எத்தனையோ கம்பெனிகள் அதே மாவை விற்றபோது ஏன் இதன் பெயர் மட்டும் அடிபட்டது? மிகப் பெரியது என்பது ஒரு காரணம். இன்னொன்று எனக்குத் தோன்றுவது: காபிக்கும் சாக்லேட்டுக்கும் சூப்புக்கும் ஒரே கூடு என்று ஆக்கி வைத்திருந்தார்கள். மாவின் மேல் கோபம் கொண்டவன் காபியைக் கீழே வைக்க முடிந்தது. நூறு வருஷம் சேர்த்த முத்திரையின் பலமே அன்றைக்கு அடி வாங்கும் இடமாக இருந்தது.

1981 மே மாதம் உலக சுகாதார சபை தாய்ப்பாலுக்கு மாற்றான பால் மாவு விற்பனைக்கு விதிமுறை கொண்டுவந்தது. ஆதரவு 118, எதிர்ப்பு ஒன்றே ஒன்று, அமெரிக்கா. அதில் லேபிளைப் பற்றியும் வருகிறது: குழந்தைப் படம் கூடாது, மாவை உயர்த்திக் காட்டும் படமும் கூடாது. கம்பெனி அதை ஏற்பதாகச் சொன்னதால் 1984-இல் புறக்கணிப்பு நின்றது. சொன்னபடி நடக்கவில்லை என்று 1988-இல் மறுபடி தொடங்கியது.

அதே 1988-இல்தான் பறவையின் அலகிலிருந்து புழுவும் கூட்டிலிருந்து மூன்றாவது குஞ்சும் காணாமல் போயின. இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். கம்பெனி சொன்ன காரணம் வேறு: இக்காலக் குடும்பத்தில் இரண்டு குழந்தைகள்தான், அதனால் இரண்டு குஞ்சு. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்ற வாசகமும் நம் ஊர்ச் சுவர்களில் அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே ஏறிவிட்டன. வெவே நகரம் தாமதமாகத்தான் கேட்டிருக்கிறது. இதில் சொந்த வருத்தமும் உண்டு. நான் பிறந்த வருஷம் 1988. வீட்டில் மூன்றாவது.

ஹென்ரி நெஸ்லேயின் வீட்டில் 14, முத்திரையில் 3, இப்போது 2.

இந்தியாவில் 1992-இல் தனிச் சட்டமே வந்தது. 1993 ஆகஸ்ட் முதல் அமல், 2003-இல் இன்னும் இறுக்கினார்கள். குழந்தைப் பால் மாவு, குழந்தை உணவு, புட்டி எதன் லேபிளிலும் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருக்கக் கூடாது. விற்பனையைத் தூண்டும் படம் எதுவும் கூடாது. தாய்ப்பாலே உங்கள் குழந்தைக்குச் சிறந்தது என்ற வாசகம் கட்டாயம். விளம்பரம் கிடையாது. அப்பன்மார்களுக்கு இது புரியும் நாள் ஒன்று வரும். என் மகள் பிறந்த மூன்றாம் நாள் இரவு, ஒரு டப்பா வாங்கி வரச் சொன்னார்கள். மெடிக்கல் கடை வாசலில் நின்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தொழில் புத்தி, முதலில் அச்சைத்தான் பார்த்தேன். சிரிக்கும் குழந்தை இல்லை, அம்மா இல்லை. எழுத்து, எழுத்து, எச்சரிக்கை. இத்தனை வறண்ட டிசைனை எவன் போட்டான் என்று அலுத்துக்கொண்டேன். போட்டது பாராளுமன்றம் என்று இப்போது தெரிகிறது. டப்பாவோடு வார்டுக்குப் போனால் பாட்டி முறைத்தாள். "அதை ஓரமா வை. இன்னும் ரெண்டு நாள் பொறு, பால் கட்டும்" என்றாள். கட்டியது. டப்பா பிரிக்கப்படாமலே இருந்தது.

சட்டத்தில் எனக்கு ஒரு சந்தேகம், நம் பேட்சில் யாராவது வக்கீல் ஆகியிருந்தால் தீர்த்து வையுங்கள். குழந்தை கூடாது, பெண் கூடாது, சரி. குஞ்சுக்கு இரை ஊட்டும் பறவை இந்த இரண்டில் எது? 1868-இல் அந்தப் படத்தை வரைந்தவர் எதை நினைத்து வரைந்தார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது.

சண்டை முடிந்துவிடவும் இல்லை. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' என்ற அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியா போன்ற நாடுகளில் விற்கும் செரிலாக்கில் சர்க்கரை சேர்க்கிறார்கள், சுவிட்சர்லாந்தில் விற்கும் அது போன்ற குழந்தை உணவில் சேர்ப்பதில்லை என்பது குற்றச்சாட்டு. சில வருஷங்களாகவே குறைத்துக்கொண்டு வருகிறோம் என்றது கம்பெனி. அந்த வருஷமே இங்கே சர்க்கரை சேர்க்காத வகைகளையும் அறிவித்தது. 1867-இன் மூலச் செய்முறையில் பால், மாவுக்கு அடுத்து நின்றது சர்க்கரைதான் என்பதை நினைத்துக்கொண்டேன்.

இத்தனையையும் மகளுக்கு எப்படிச் சொல்வது? "மூணாவது குஞ்சுக்கு இறக்கை முளைச்சுடுச்சு, பறந்து போயிடுச்சு" என்று சொல்லிப் பார்த்தேன். "புழுவையும் எடுத்துட்டுப் போயிடுச்சா?" என்றாள். புத்திசாலித்தனம் அம்மா வழி.

ரீயூனியன் அன்றைக்குப் பாட்டியின் டப்பாவைக் கொண்டு வந்து காட்டலாம் என்று ஆசை. கேட்டேன். "ஊசி நூலுக்கு வேற டப்பா வாங்கிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போ. மூடி நல்லா மூடணும்" என்று சொல்லியிருக்கிறாள். தேடிக்கொண்டிருக்கிறேன்.